இஸ்திரிக்காரரின் அக்கா

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் விடியற்கால ஆராதனை உண்டு, மத்தியானம் இறைச்சிக்கறி உண்டு, சாயங்காலம் ஒரு ஆங்கிலச் சிரிப்புத் தொடர் உண்டு. முதல் இரண்டும் கேரள எல்லையோரக் குன்னத்துகால் சுற்றுவட்டாரத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். மூன்றாவதற்கு முழுப் பொறுப்பும் நான்.

பாறசாலையில் ஒரு ட்யூட்டோரியல் கல்லூரியில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வழியனுப்ப வந்தவர்களை நிறுத்தி வைக்கும் இடம் வரை போயிருக்கிறேன். ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் எப்படிக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்கள் என்று என்னிடம் கேட்டால் வகுப்பே எடுப்பேன். எல்லாம் அந்தத் தொடரில் படித்தது.

தொடர் ஒரு சலவைக்கடையைப் பற்றியது. கடைக்காரி ஒரு விதவை, வாய் நீளம். கீழே கடை, மேலே அவளிடம் வேலை செய்பவர்களின் அறைகள். பல வருடம் ஓடிய தொடர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வழக்கத்தைவிட நீளமாக ஒரு தனிப் பகுதி எடுப்பார்கள். முன்பு கேபிளில் அகப்பட்டதைப் பார்த்தோம். இப்போது போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்க்கிறோம். பார்ப்பவர்கள் நான், மனைவி, மகள், பனச்சமூட்டில் பேக்கரி வைத்திருக்கும் மச்சினன்.

பின்னணியில் சிரிக்கிறவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டோம். அவர்கள் சிரித்ததும் நான் சிரிப்பேன். ஆங்கில வாத்தியார், வேறு வழியில்லை. நான் சிரித்ததைப் பார்த்து மச்சினன் சிரிப்பான். நகைச்சுவை இப்படித்தான் கடல்தாண்டி எல்லையோரம் வந்து சேர்ந்தது.

சில பகுதிகள் சேராமலும் போனதுண்டு. ஒன்றில் கிறிஸ்துமஸ் அன்று கரண்ட் போய்விடுகிறது. இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்கிறார்கள், பின்னணியில் ஒரே சிரிப்பு. மச்சினன் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அத்தான், கதை எப்பம் தொடங்கும்?”

இன்னொன்றில் கேரல் பாட வருகிறார்கள். கடைக்காரி விளக்கை அணைத்துவிட்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். எங்கள் பக்கத்தில் கேரல் குழு ஒரு வீட்டைத் தவறவிட்டால், அந்த வீட்டுக்காரர் ஈஸ்டர் வரை சபைக்குழுவில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒளிந்துகொள்வதில் என்ன சிரிப்பு என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவளுக்கு ஏதோ சுகமில்லை என்று வைத்துக்கொண்டோம்.

எல்லோருக்கும் பிடித்தது பஸ் நிறுத்தப் பகுதிதான். கடையில் இஸ்திரி போடுகிற வயதான மனிதர், கல்யாணம் ஆகாதவர். கிறிஸ்துமஸ் காலையில் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, கையில் பொதிந்த ஒரு பரிசோடு, அடுத்த ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு எதிரே இருக்கும் நிறுத்தத்தில் நிற்கிறார். பஸ் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பனி பெய்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் எட்டிப் பார்க்க, பின்னணியில் சிரிப்பு. கடைசியில் கடைக்காரி ஒரு சாப்பாட்டுத் தட்டை மூடி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டுகிறாள். அதோடு முடிகிறது.

பஸ்ஸைத் தவறவிட்ட மண்டன் என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பனச்சமூட்டில் நின்று பழகியவர்களுக்கு இது தெரிந்த நகைச்சுவை. அங்கே கிறிஸ்துமஸ் அன்றும் இரண்டு மாநிலத்து பஸ்ஸும் வரும், நிறைந்து வரும், நிறுத்தாமல் போகும். மனைவி மட்டும் சிரித்ததில்லை. “அந்த மனுசனுக்கு ஒருவாய் சோறு குடுக்க இத்தனை நேரமா?” என்பாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்பது என் கணிப்பு.

போன வருடம் மகள் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனாள். பகலில் படிப்பு, மிச்ச நேரத்தில் ஒரு கடையில் வேலை. வீட்டைவிட்டு அவளுக்கு முதல் கிறிஸ்துமஸ். கூட இருந்த பிள்ளைகள் எல்லோரும் அவரவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் அறையில் தனியாக ரொட்டி தின்று கிறிஸ்துமஸைக் கழிப்பாளோ என்பதுதான் டிசம்பர் முழுக்க மனைவியின் கவலை. மச்சினன் மனைவிக்கு ஒரு அக்கா உண்டு, அந்த நாட்டிலேயே நர்ஸ், ஒரு மணி நேரத் தூரத்தில் வீடு. அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். கார் அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

எங்கள் வீட்டுச் சட்டப்படி, அடுத்தவர் உபகாரம் செய்ய முன்வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். “பெரியம்மைக்கு எதுக்குப் பாடு, நான் வந்துருவேன்” என்றாள் மகள். வளர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன். அவள் யாரோ தோழியின் காரில் வருவாள் என்று பெரியம்மை நினைத்துக்கொண்டார். அவளோ தினமும் ஏறுகிற பஸ்ஸை நினைத்திருந்தாள். தினமும் ஏறுகிற பஸ் வருமா என்று யார் விசாரிப்பார்கள்?

கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் மத்தியானம் சாப்பிட்டு வெகுநேரம் கழித்து, மச்சினனும் வந்து டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு, பெரியம்மை போன் செய்தார்.

“பிள்ளை எங்க? கறி ஆறிப்போச்சு. ரெண்டு வட்டம் விளிச்சேன், போன் எடுக்கல்ல.”

“பஸ்ஸுல வாறேன்னு சொன்னாளே,” என்றேன்.

பெரியம்மையின் குரல் உயர்ந்தது.

“பஸ்ஸா? இன்னைக்கா? கிறிஸ்துமஸுக்கு இஞ்ச பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. உங்களுக்குத் தெரியாதா? நீங்க இங்கிலீசு வாத்தியாரில்லியா?”

பெரியப்பாவைக் காரோடு அனுப்புகிறேன் என்று சொல்லிப் பெரியம்மை போனை வைத்தார். மச்சினன் மகளுக்கு வீடியோ கால் போட்டான். நாலாவது தடவை எடுத்தாள். நல்ல கோட்டு போட்டிருந்தாள். மடியில் அவள் அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து டப்பா, வர்ணத்தாளில் பொதிந்து. பின்னால் கண்ணாடிக் கூரை போட்ட பஸ் நிறுத்தம், ஆளில்லாத தெரு. பனி இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

“கையுறை போட்டிருந்தேன், போன் எடுக்க முடியல்ல. பஸ் இப்பம் வரும்ப்பா.”

“மக்கா, அது வராது,” என்றான் மச்சினன். “பெரியப்பா கார் எடுத்துட்டு வாறாரு. அங்கேயே இரி.”

“ஐயோ மாமா, அவருக்கு எதுக்குப் பாடு…”

“அத்தான், இவளை வளத்தது யாரு?” என்று மச்சினன் என் பக்கம் திரும்பினான். நான் டிவி ரிமோட்டைத் தேடினேன்.

மனைவி போனை வாங்கிக்கொண்டாள். “காலையில என்ன தின்ன?”

“ஒண்ணும் தின்னல்ல. அங்க போய் தின்னலாம்ணு.”

“அந்த டப்பாவைப் பிரி.”

“அது பெரியம்மைக்காக்கும்.”

“பிரின்னு சொன்னேன்.”

வர்ணத்தாள் கிழிகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கார் வந்து சேரும்வரை மனைவி போனை வைக்கவில்லை. ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். எங்கள் பக்கத்து விளவங்கோட்டுப் பேச்சோடு பெரியப்பாவின் குரல் அந்தத் தெருவில் “மக்கா, காருல கேறு” என்று சொல்வது கேட்ட பிறகுதான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இங்கே ராத்திரி ஆனபோது மகள் பெரியம்மை வீட்டிலிருந்து வீடியோவில் வந்தாள். வயிறு நிறைய இறைச்சிக்கறி தின்றிருந்தாள், முகத்திலேயே தெரிந்தது. வழக்கத்தை விடக்கூடாது என்று அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் பஸ் நிறுத்தப் பகுதியைப் போட்டோம். மனிதர் தெருவை எட்டிப் பார்த்தார். பின்னணியில் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

“அப்பா,” என்றாள் மகள். “அந்த ஊருல பொறந்த மனுசன். பஸ் வராதுன்னு அவருக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சேதான் நிக்காரு. அவருக்கு அக்காவே இல்லப்பா. போக இடமில்லேன்னு காட்டாம இருக்க நிக்காரு.”

இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். வகுப்பில் அந்தக் காட்சியை வைத்து எதிர்காலவினைகூட நடத்தியிருக்கிறேன். பஸ் வரும், பஸ் வந்துகொண்டிருக்கும், பஸ் வந்திருக்கும்.

“அதெனக்கு முதல்லேயே தெரியுமாக்கும்,” என்றாள் மனைவி, தட்டுகளை எடுத்துக்கொண்டே.

“எப்படி?”

“அக்கா உண்டுண்ணா சோறு வச்சிக்கிட்டு சும்மா இருப்பாளா? இதுக்குள்ள கடைக்கு நாலு போன் வந்திருக்கும்.”

திரையில் கடைக்காரி தட்டை மூடி எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.