மாப்பிள்ளைக்கு ஒரு வருட ஒப்பந்தம்

என்னை அணியிலிருந்து எடுக்க வேண்டும் என்று எங்கள் தெருவுக்கே தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தேன். சொல்ல வேண்டியவன் கேப்டன். கேப்டன் என் மச்சினன். அக்காளைக் கட்டியவனிடம் போய் "நீங்க இனிமே ஆட வேண்டாம்" என்று எவன் சொல்வான்?

தொண்ணூறுகளின் கடைசி அது. எனக்கு வயது முப்பத்து நான்கு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தெருக் கால்பந்து அணியில் ஸ்டாப்பராக, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவனாக ஆடிக்கொண்டிருந்தேன். முட்டி எப்போதோ புகார் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மச்சினன் மருந்துக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினான். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. அப்படி ஒரு ஞாயிறு, மதுரையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்திருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். கால்பந்து விளையாட்டு என்றதும் பொம்மைகள் ஓடும் என்று நினைத்துப் போனேன். ஒன்றும் ஓடவில்லை. திரை முழுக்கப் பெயர்களும் எண்களும். ஏதோ ஒரு வெளிநாட்டு அணிக்கு நாம் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம் என்பதெல்லாம் நம் பொறுப்பு. ஆனால் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி ஒரு காசு ஏறினாலும் கம்ப்யூட்டர் மறுத்துவிடும்.

"இந்த டீம நீங்க நடத்துங்க அத்தான்" என்று நாற்காலியை விட்டு எழுந்தான். மாப்பிள்ளை வந்தால் மச்சினன் எழுந்துதானே ஆக வேண்டும்!

மில்லில் எங்களுக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். சர்வீஸ் கூடக் கூடச் சம்பளம் கூடும். நான் அதையே அங்கேயும் செய்தேன். வயது வாரியாக வரிசைப்படுத்தி, மூத்தவனுக்கு அதிகம், இளையவனுக்குக் குறைவு என்று போட்டுக்கொண்டே போனேன். எல்லாருக்கும் மூத்தவர் ஒரு ஸ்டாப்பர். வயது, என் வயதேதான். பெயர் வாயில் நுழையவில்லை, அதனால் 'பெரியவர்' என்று வைத்துக்கொண்டோம். அவருக்கு அணியிலேயே பெரிய சம்பளம் கொடுத்து, நான்கு வருட ஒப்பந்தமும் போட்டேன்.

"நாலு வருஷமா அத்தான்?"

"பொறவு? ஒழச்சவனுக்குக் குடுக்காம வேற யாருக்குலே குடுக்கது?"

"செரி அத்தான்."

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் உட்கார்ந்தோம். முதல் சீசன் தப்பித்தோம். அடுத்த சீசனில் வினை ஆரம்பித்தது. பெரியவருடைய வேகத்துக்கான எண் இறங்கிக்கொண்டே வந்தது. சம்பளம் இறங்கவில்லை. கிழவர்களாகச் சேர்ந்து உச்சவரம்பை முட்டிக்கொண்டு நின்றார்கள். கோல் அடிக்கிற சின்னப் பையன் ஒருவன் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டான். கம்ப்யூட்டர் இடமில்லை என்றது. அவன் வேறு அணிக்குப் போய், அடுத்த மாதமே எங்களுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான். நான் கீபோர்டைக் குத்திய குத்தில் மச்சினனுக்கு உயிரே போயிருக்கும். வாங்கிய கடன் இன்னும் அடையாத கீபோர்டு.

அப்போதுதான் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான். "பெரியவர விட்டுட்டா எடம் கெடைக்கும் அத்தான்."

"நீ யாரலே சொல்லுத?"

"கம்ப்யூட்டர்ல உள்ளவரத்தான் அத்தான்."

அவன் முகத்தைப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"உன் தம்பி என்னய வெளிய போகச் சொல்லுதான்" என்றேன் மனைவியிடம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வாயத் தொறந்து சொல்லிட்டானா?" என்றாள் ஆச்சரியமாக.

"இல்ல."

"அதான பாத்தேன். ரெண்டு மாசமா எங்கிட்டதான் பொலம்பிட்டுக் கெடக்கான். வத்திராயிருப்புல ஒரு பய எடது கால்ல அம்புட்டு அழகா அடிக்கானாம். அவனக் கூட்டிட்டு வர காசில்லயாம். வசூலாகுற பணத்துல சீனியர் பங்குன்னு நீங்க மூணு பேரே வாங்கிக்கிட்டா அவன் என்ன செய்வான்? போதாக்குறைக்கு ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்கது நானு."

ஆமாம், எங்கள் அணியிலும் மில் நியாயம்தான். கடைகளில் வசூலிக்கிற பணத்தில் மூத்தவர்களுக்குப் பெரிய பங்கு. அதை ஏற்பாடு செய்த புண்ணியவானும் நான்தான்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் பயம். கிரவுண்டு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை என்பது கறி எடுத்து வந்து, தின்றுவிட்டுத் தூங்குகிற நாளாகிவிடும். முப்பத்து நான்கு வயதிலேயே அப்படி ஆகிவிடுவேனோ?

ஆனாலும் அடுத்த ஞாயிறு போனேன். பெரியவரை என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மச்சினன் நாற்காலியைக் கொடுத்தான். வெளியேற்று என்று ஒரு வழி இருந்தது. அதன் கீழே, புதிய ஒப்பந்தம் என்று இன்னொன்று. இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினேன். ஒரு வருடம். பாதிச் சம்பளம். மாற்று ஆட்டக்காரர்.

கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் போயிருப்பேன். அடுத்த திரையில் ஒரே வரி வந்தது. ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளை முறுக்கு ஒன்றும் காட்டவில்லை மனுஷன்.

"ஏலே" என்றேன். "எனக்கும் இதே மாதிரி போடு. ஒரு வருஷம். சீனியர் பங்கு வேண்டாம். பெஞ்சில உக்காருதேன். அந்த வத்திராயிருப்புப் பயலக் கூப்பிடு."

அவன் பிரிண்டருக்குப் பின்னால் குனிந்து, நன்றாக இருந்த வயரைச் சரி செய்ய ஆரம்பித்தான். "நெசமாவா அத்தான்?"

"இன்னொரு தடவ கேட்டன்னா மாத்திச் சொல்லிருவேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் டோர்னமென்ட். பள்ளிக்கூட மைதானம், ஓரமெல்லாம் கூட்டம். வத்திராயிருப்புப் பையன் நிஜமாகவே அழகாக அடித்தான். முதல் பாதியிலேயே ஒரு கோல். நான் பெஞ்சில் உட்கார்ந்து கத்திய கத்தலுக்கு ரெஃப்ரி வந்து எச்சரித்துவிட்டுப் போனார். முடிகிற நேரத்தில் எங்கள் ஸ்டாப்பருக்குக் கால் பிடித்துக்கொண்டது. மச்சினன் என் பக்கம் திரும்பி, "வாரியளா அத்தான்?" என்றான். நான் அதற்குள் பூட்ஸ் கயிற்றை இறுக்கிவிட்டேன்.

முதல் பந்தைத் தலையால் தள்ளினேன். இரண்டாவது பந்துக்குத் தாமதமாகப் போனேன். எதிரணி ஆள் என்னைத் தாண்டிப் போய் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. மைதானமே ஐயோ என்றது.

"என்ன அத்தான் பண்ணுதிய! கண்ணு பொடதிலயா இருக்கு? ஆளப் பிடிங்க!"

மச்சினன்தான். கல்யாணமான நாளிலிருந்து என் முன்னால் குரல் உயர்த்தாதவன். பொங்கலுக்கு நான் உட்காராமல் இலையில் உட்காராதவன். எங்கள் ஆட்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்கே முகம் வெளுத்துப் போனது.

எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது, சந்தோஷத்தில். கேப்டன் திட்டுவது ஆட்டக்காரனைத்தான்.

"பிடிக்கேம்லே!" என்று ஓடினேன். அந்த ஆளை அதன்பின் நகரவிடவில்லை. ஒரு கோலில் ஜெயித்தோம்.

பஸ்ஸில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியாமச் சொல்லிட்டேன் அத்தான்" என்றான்.

"அடுத்த மேட்ச்லயும் சொல்லு" என்றேன்.

மறுவருடம் வசூல் தொடங்கியபோது நான் வாயே திறக்கவில்லை. அவனாகவே வந்து, வாசலில் நின்றபடி, "இன்னொரு வருஷம் போட்டுருக்கேன் அத்தான்" என்றான்.