குன்றில் ஆள் எண்ணிய நாள்

1. வாசலில் வந்த வேண்டுகோள்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆள் எடுப்பதும், எடுத்த ஆளைத் தக்கவைப்பதுமே என் வேலை. அவ்வேலையில் நான் கண்டவற்றுள், இன்றும் காலைப் பூசையில் மனத்தை ஒன்றவிடாத ஒன்றை, இத்துறைக்கு வரும் இளையோருக்காக எழுதிவைக்கிறேன்.

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நெருங்கிய ஒரு வாரத்தில், உடுமலைக்குத் தெற்கே மலைமேல் உள்ள சிறு குடியிருப்பொன்றின் மூப்பர் எங்கள் வாசலில் வந்து நின்றார். மூப்பர் என்பவர் அம்மலைமக்களின் ஊர்த்தலைவர். அவ்வூரின் இளவயதினர் ஏறத்தாழ எல்லோரும் எங்களிடம் ஓவர்லாக் தையலிலும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கிலும் வேலை செய்து, கம்பெனி விடுதியிலேயே தங்கியிருந்தனர்.

"சாமி, புதங்கிழமை ஆபீசரு மேல வர்றாருங்க. ரோடு போடறதுக்கு ஊர்ல எத்தன பேரு குடியிருக்கறாங்கன்னு பார்க்கோணுமாம். ஆளு கொறைஞ்சா ரோடு இல்லீங்களாம். எங்க புள்ளைகள ஒரு நாளைக்கு உடுங்க சாமி."

நோயுற்றவரைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கும் ஊர் அது. சாலை இல்லாததனால் பிழைப்புத் தேடிக் கீழே வந்தார்கள். கீழே வந்துவிட்டதனால் இப்போது சாலை கிடைக்காது போலிருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"ஏனுங்க, தையல் லைன் நின்னா சரக்கு வாங்கற பையருக்கு நீங்க பதில் சொல்றீங்களா? அதுவுமில்லாம, மேல ரோடு போட்டுட்டா இவங்க நம்மகிட்ட எதுக்குங்க வர்றாங்க?" என்று சிரித்தார். பிறகு சற்று யோசித்து, "சரி, ஒரு நாள் போகட்டும். நீங்களும் கூடப் போங்க. போன தலை அத்தனையும் பொழுதோட திரும்பி வந்தாகோணும்" என்றார்.

2. ஏற்றம்

அடிவாரம் வரை கம்பெனி பஸ். அதன்பின் நடை. ஓவர்லாக் டைலரான செல்வி பாதி ஏற்றத்திலேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கண்ணு, கம்பெனி பேன் காத்து இல்லாம மூச்சு வர மாட்டேங்குதா?" என்றார் மூப்பர்.

"நீங்க ரோடு வாங்கித் தாங்க மூப்பரே. நான் பஸ்ல வந்து எறங்கறேன்."

"எறங்கி?"

"ஒரு மெஷினைக் கொண்டாந்து போட்டுட்டு இங்கயே இருந்துக்குவேன். மேனேஜர் சார் தைக்கறதுக்குப் பீஸ் அனுப்புவாரு. அனுப்புவீங்கல்ல சார்?"

"அனுப்புவாரு, அனுப்புவாரு. தலையில சொமந்துட்டு வருவாரு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மலையில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

3. அம்மன் கல்

அவ்வூரில் அரசமரத்தடியில் அம்மனாக வணங்கும் கல் ஒன்று உண்டு. வழக்குத் தீர்ப்பதும் சத்தியம் செய்வதும் அதன் முன்தான். அங்கு நின்று எவரும் பொய் சொல்வதில்லை. இதை அறிந்திருந்த நான், அதிகாரியைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைக்கலாமே என்று மூப்பரிடம் மெல்லச் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "சர்க்காரு மொதல் தடவையா நம்மூரு தேடி வருதுங்க சாமி. அம்மன் முன்னாலதானுங்களே உக்கார வெக்கோணும்?"

அதிகாரி கடுமையானவர் அல்லர். எங்களைப் போலவே நடந்து ஏறி வந்தவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே முதலில் நின்ற செல்வியைக் கேட்டார்: "நீ இங்கதான் குடியிருக்கியாம்மா?"

செல்வி கல்லைப் பார்த்தாள்.

"அருள்புரத்துல இருக்கறேனுங்க" என்றாள்.

அவளுக்குப்பின் நின்ற ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு மூப்பர் பக்கம் திரும்பினார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க பெரியவரே. இவங்க இந்த ஊர்லதான் இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எழுதிக்கறேன்."

மூப்பர் கைகூப்பினார். "பொறந்தது இங்கதானுங்க. செத்தா பொதைக்கறதும் இங்கதானுங்க. நடுவுல இருக்கறது மட்டும் அங்கீங்க."

அதிகாரி பேனாவை மூடினார். ஊரில் மிச்சமிருந்த கிழவர்களையும் சில குழந்தைகளையும் மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டு இறங்கினார்.

சொன்னபடி எல்லோரையும் பொழுதோடு விடுதியில் சேர்த்தேன். "ஒருத்தர் கொறையாமக் கூட்டிட்டு வந்துட்டீங்களே!" என்று முதலாளி மனமாரப் பாராட்டினார்.

4. அதன் பிறகு

சாலைக் கோப்பு மூடப்பட்டது. ஆள் குறைவு என்ற அதே காரணத்தால் பள்ளி போயிற்று; வாக்குச்சாவடியும் அடிவாரத்திற்கு இறங்கிற்று. கிழவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக ஒரு நாள் மூப்பரே வேலை கேட்டு வந்தார். கட்டிங் வேஸ்ட், அதாவது வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகள், பிரிக்கும் இடத்தில் அமர்த்தினேன்.

"மேல இப்ப யாருங்க இருக்கறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லீங்க சாமி. இனி ஆபீசரு வந்தா எண்ணறது சுலபமுங்க."

குன்றுதோறும் ஆடுகின்றவன் என்று முருகனை வாய்மணக்கப் பாடிய வாழ்நாள் என்னுடையது. கும்பிட ஓர் ஆள் இல்லாத குன்றில் அவன் எப்படி ஆடுவான் என்று இப்போதெல்லாம் பாட்டின் நடுவில் நின்றுவிடுகிறேன். அம்மலையை வெறுமையாக்க எவரும் தீமை செய்யவில்லை. அதிகாரி கண்டதை எழுதினார். முதலாளி ஷிப்மென்ட்டை அனுப்பினார். அம்மக்கள் உண்மையைச் சொன்னார்கள். நான் ஆள் எடுத்தேன்.

ஆள் எடுக்கும் வேலைக்கு வரும் நீங்கள், ஒருவரை எடுக்கும்போது அவர் எந்த ஊரிலிருந்து குறைகிறார் என்பதையும் கேளுங்கள். கேட்டறிந்தபின் என்ன செய்வது என்பதை நான் அறியேன்.