அக்கா மூழ்கடித்த கப்பல்

மாப்பிள்ளை பார்க்கும்போது படிப்பைக் கேட்பார்கள், வேலையைக் கேட்பார்கள், குடிப்பானா என்று ரகசியமாக விசாரிப்பார்கள். ஒரு மிஷினைக் காட்டி, "இதுல வார பெரிய கப்பலு என்னைக்கு முங்குதோ அன்னைக்கு வந்து பொண்ணு கேளு" என்று சொன்னவர் தூத்துக்குடியிலேயே எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால் யாராவது இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஆனால் பாதியைத் தப்பாகச் சொல்கிறார்கள். சிலர் அக்காவைக் கட்டிய அத்தான்தான் ஜெயித்தார் என்றே முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

வெளிநாட்டுக் கப்பல்களில் வரும் மாலுமிகள் இளைப்பாறுவதற்குத் துறைமுகச் சாலையில் ஒரு கிளப் இருந்தது. அப்பா அதற்கு மேனேஜர். எழுபதுகளின் கடைசியில் ஒரு சரக்குக் கப்பல்காரர்கள், தங்கள் சாப்பாட்டு அறையில் கிடந்த ஒரு விளையாட்டு மிஷினை, புதிதாக வேறொன்று வாங்கப்போகிறோம் என்று கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பீரோ உயரம் இருக்கும். நெஞ்சு மட்டத்தில் ஒரு கண்ணாடித் திரை, அதற்குக் கீழே ஒரு லீவர், ஒரு சிவப்புப் பட்டன். கஸ்டம்ஸ்காரர்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ரேடியோவும் இல்லை, டெலிவிஷனும் இல்லை, இதை என்னவென்று எழுதுவது என்று தெரியாமல், ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்கள். வெளிநாட்டுக் காசு போட்டால்தான் ஓடும் என்றிருந்ததை எலெக்ட்ரீஷியன் மாற்றிப் பின்பக்கம் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார்.

வீடியோ கேம் என்ற பேச்சே எங்கள் காதில் விழாத காலம் அது. நாங்கள் அதைக் கப்பல் மிஷின் என்றோம். கறுப்புக் கடலில் வெள்ளையாகச் சின்னச் சின்னக் கப்பல்கள் குறுக்கே போகும். லீவரைத் திருப்பிப் பட்டனை அமுக்கினால் கீழேயிருந்து ஒரு குண்டு கிளம்பும். பட்டால் கப்பல் மூழ்கும். ஒரு குண்டு விட்டபின் சிவப்பு விளக்கு அணையும்வரை அடுத்த குண்டு வராது. சின்னக் கப்பல்களை எல்லாம் தீர்த்துவிட்டால் திரை கொஞ்ச நேரம் காலியாகக் கிடக்கும். மிஷினுக்குள்ளிருந்து சங்கு ஊதுவது போல ஒரு சத்தம் வரும். பிறகு பெரிய கப்பல் வரும். திரையில் பாதியை அடைத்துக்கொண்டு வந்து, அது திருப்பிச் சுடும். மூன்று அடி வாங்கினால்தான் மூழ்கும். இப்போது என் மகள் வீட்டுப் பையன்கள் இப்படிக் கடைசியில் வருகிற எதிரியை 'பாஸ்' என்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்பே அதைப் பார்த்து வேர்த்துப்போனவர்கள் இருந்தார்கள்.

சாயங்காலமானால் கிளப்பில் மாலுமிகளைவிட உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம். துறைமுக ஆட்கள் வேடிக்கை பார்த்தால் சும்மா பார்ப்பார்களா? கப்பலைத் துறைக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் ஒருவர் தினமும் வருவார். "இந்த வேகத்துல நம்ம வாய்க்காலுக்குள்ள வந்தா கரை தட்டிரும்" என்று பெரிய கப்பலைத் திட்டுவார். சரக்கு எண்ணுகிற கிளார்க் ஒருவர், "லோடு இல்லாமல்லா வருது, தண்ணிக்கு மேல எவ்வளவு நிக்குது பாருங்க" என்பார். ஆனால் ஒருவராலும் அதை மூழ்கடிக்க முடியவில்லை. தினமும் விடாமல் ஆடிய அப்பா இரண்டு அடிவரை போயிருக்கிறார். மூன்றாவது குண்டை விடும்போது பதறிவிடுவார். "விடு, விடு" என்று தனக்குத்தானே கத்துவார், குண்டு எங்கேயோ போகும், பெரிய கப்பல் அவரைச் சுட்டுவிட்டுப் போய்விடும். அன்று ராத்திரி வீட்டில் குழம்பில் உப்பு இருக்காது, என் படிப்பில் அக்கறை இருக்காது, எல்லாவற்றிலும் குறைதான்.

அப்பாவின் கடிதங்களை டைப் அடித்துக் கொடுக்க அக்கா காலையில் கிளப்புக்குப் போவாள். காலையில் அங்கே ஆளே இருக்காது. டைப் அடித்து முடித்ததும் என்ன செய்வாள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. லீவு நாளில் நானும் கூடப் போவேன். அவள் ஆடுவதைப் பார்த்தால் ஆட்டம் மாதிரியே இருக்காது, ஊசியில் நூல் கோப்பது மாதிரி இருக்கும். அவளும் இரண்டு அடிவரைதான் போயிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் மாதா கோயிலில் எங்களோடு பாடகர் குழுவில் இருந்த ஒருவரை அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. அக்கா நன்றாகப் பாடுவாள். அவர் வாயை மட்டும் நன்றாக அசைப்பார். அவர் வீடு தோணிக்காரர்கள் வீடு. பழைய துறைமுகத்திலிருந்து பாய் கட்டிய சரக்குத் தோணிகள் கொழும்புக்குப் போகுமே, அதில் அவரும் அவர் அண்ணனும் வேலை பார்த்தார்கள். ஒரே கோயில், ஒரே சொந்தபந்தம், நல்ல குணம். அம்மாவுக்குச் சம்மதம். அப்பாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடலுக்குப் போறவனுக்குக் குடுத்தா என் மக வருசம் பூரா காத்தைப் பாத்துக்கிட்டு நிப்பா. துறைமுக ஆபீஸ்ல ஒரு குமாஸ்தா கிடைக்கமாட்டானா?" என்றார்.

"கட்டுனா அவுகளைத்தான் கட்டுவேன்" என்றாள் அக்கா. இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கிளப்பில் அப்பா கடிதத்தைச் சொல்வார், அவள் டைப் அடிப்பாள், மற்றபடி ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அத்தானே துணிந்து ஒரு சாயங்காலம் கிளப்புக்கு வந்தார். நேரம் பார்க்கத் தெரியாத மனிதர். அப்பா அப்போதுதான் பெரிய கப்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, உங்ககிட்ட ஒரு காரியம் பேசணும்" என்று இவர் சொல்லவும், மூன்றாவது குண்டு தவறிப்போகவும் சரியாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் அப்பா, இந்தப் பெரிய கப்பல் மூழ்குகிற அன்றைக்கு வந்து பெண் கேள் என்று சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை.

"நிசமாத்தான் சொல்லுதியளா அண்ணாச்சி?"

"சாட்சிக்கு இத்தனை பேரு நிக்காவல்லா? ஞாயித்துக்கிழமை வா."

இதை நான் ஓடிவந்து அக்காவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவுக ஆடமாட்டாக" என்றாள்.

அத்தான் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது மூழ்கியது, கவிழ்ந்தது என்ற பேச்சே கூடாது. வாளிக்குள் டம்ளர் விழுந்தால்கூடத் 'தண்ணிக்குள்ள போயிருச்சு' என்றுதான் சொல்லவேண்டும். கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைக்கக்கூடாது. மழைத்தண்ணீரில் பிள்ளைகள் விடும் காகிதக் கப்பலை யாராவது அமுக்கினால் அடி விழும். அந்த வாரம் அத்தானின் அண்ணன் தோணியோடு கொழும்புக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் அப்பா நாளெல்லாம் கப்பலை மூழ்கடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாயங்காலம் கிளப்பில் கால் வைக்க இடமில்லை. பைலட் நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். கிளார்க் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்திருந்தார், ஜெயித்தால் கொடுப்பதற்கு. அத்தான் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து மிஷின் முன்னால் நின்றார். சுவிட்சைப் போட்டார்கள். கப்பல்கள் வந்தன. ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று. அத்தானின் கை லீவரில் இருந்தது. பட்டன் பக்கம் போகவே இல்லை.

"அமுக்குலே! ஏலே, அமுக்கு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அவர் கையை எடுத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. எங்கண்ணன் கடல்ல இருக்கான். விளையாட்டுக்குக்கூட என் கையால ஒரு கப்பலை இது செய்யமாட்டேன். வேற என்ன சொன்னாலும் செய்யுதேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கும் என்னவோ செய்திருக்கவேண்டும். ஆனால் இத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது? "அப்பம் பேச்சு முடிஞ்சுது தம்பி" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

டைப்ரைட்டர் இருந்த அறையிலிருந்து அக்கா வந்தாள். கூட்டம் தானாக வழி விட்டது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மிஷினுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தள்ளிக்கிடுங்க. நான் ஆடுதேன்."

"வேண்டாம்" என்றார் அத்தான் பதறிப்போய். "நீ எங்க வீட்டுக்கு வாரவ."

"வரத்தான் போறேன். இன்னும் வரலைல்லா? இன்னைக்கு நான் எங்கப்பா மகதான். எங்க வீட்டுல யாரும் கடல்ல இல்ல. வந்தபொறவு உங்க வீட்டுச் சட்டம் எல்லாத்துக்கும் கட்டுப்படுதேன். இன்னைக்கு என்னைய விடுங்க."

 பைலட் அப்பாவைப் பார்த்து, "முங்கணும்னுதானே சொன்னிய? பிள்ளை ஆடட்டும்" என்றார். அத்தான் மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

சின்னக் கப்பல்களை அவள் பூப் பறிப்பது போலப் பறித்துவிட்டாள். சங்கு ஊதியது. பெரிய கப்பல் வந்தது. முதல் குண்டை வந்த உடனேயே மூக்கில் வைத்தாள். கூட்டம் ஓவென்று கத்தியது.

"என்ன ஆச்சு?" என்று அத்தான் சுவரைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்.

"ஒரு அடி விழுந்துட்டு" என்றேன்.

இரண்டாவது குண்டை அவள் விடவே இல்லை. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, அப்பா "விடு, விடு" என்று கத்துகிறார், அவள் விடவில்லை. பெரிய கப்பல் சுட்டது, லீவரைத் திருப்பித் தப்பித்தாள். கப்பல் மறுகோடிவரை போய்த் திரும்பியது. திரும்பும்போது ஒரு கணம் அசையாமல் நின்றது. நாங்கள் யாரும் அதுவரை கவனிக்காத கணம் அது, ஏனென்றால் அதுவரை பொறுமையாக இருந்தவர்கள் யாருமில்லை. அங்கே வைத்து அடித்தாள். மறுபடியும் காத்திருந்தாள். மறுகோடியில் கப்பல் திரும்பியது. பட்டனை அமுக்கினாள்.

திரை முழுவதும் வெள்ளையானது. மிஷின் ஒரு பாட்டு வாசித்தது. அதற்குள் ஒரு பாட்டு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். பைலட் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"என்ன ஆச்சு? சொல்லு ஏளா!" என்று அத்தான் என் தோளை உலுக்கினார்.

 அவர் வீட்டுக் கண்டிப்பு அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. "தண்ணிக்குள்ள போயிருச்சு அத்தான்!" என்று கத்தினேன். அவரை அத்தான் என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

 நாட்கணக்கில் பேசாமலிருந்த மகளிடம் அப்பா பேசிய முதல் வார்த்தை ஆசீர்வாதம் இல்லை. "ஏளா, அந்த ரெண்டாவது குண்டை எப்படி விட்ட?" என்றுதான் கேட்டார். "மொதல்ல மாப்பிள்ளையைக் கவனிங்க" என்று கிளார்க் மக்ரூன் பொட்டலத்தை அப்பாவின் கையில் திணித்தார். அப்பா அதைப் பிரித்து ஒன்றை எடுத்து அத்தானின் வாயில் ஊட்டினார். அத்தான் வாய் நிறைய மக்ரூனோடு "மாமா" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா மிஷினைத் தொடவில்லை. கிளப்புக்கு வந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பாள். அப்பா மட்டும் அவள் ஆடியதை நினைத்து நினைத்து ஆடிக்கொண்டிருந்தார். அத்தான் கொழும்புக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு அப்பா வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை, முகமெல்லாம் பல்.

"ஏளா, முக்கிட்டேன்! பெரிய கப்பலை நான்..."

அக்கா பாய்ந்து வந்து அப்பாவின் வாயைப் பொத்தினாள். அப்படியே அவரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அப்பா, அந்தப் பேச்சு இங்கன வேண்டாம். அவுக கடல்ல இருக்காக." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "உங்க வீட்டுலயும் இப்பம் ஆளு கடல்ல இருக்குல்லாப்பா."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அதுவரை அவருக்கு அது தோன்றவே இல்லை. சைக்கிளைப் பிடித்தபடி தெருவில் நின்று, தலையைத் தூக்கி, எதிர்வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த துணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். காற்றைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அன்றிலிருந்து அவர் மிஷின் பக்கமே போகவில்லை. காலையில் பழைய துறைமுகத்துக்குப் போய் யாராவது தோணிக்காரரிடம் காற்று எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் கிளப்பைத் திறந்தார். தோணி வந்து சேர்ந்த அன்று அக்காவும் நானும் போவதற்கு முன்பே அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அத்தான் இறங்கி வந்து "மாமா" என்று கையைப் பிடித்தார். அப்பா அந்தக் கையை விடவே இல்லை. தோளைத் தொட்டுப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார். ஆள் முழுசாக வந்து சேர்ந்தது நிச்சயமானதும் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஏளா, இப்பம் சொல்லலாமா?" என்று கேட்டார்.