ஃப்ளூகல்ஹார்னில் ஒரு பிசிறு

நார்மன் ஹெப்வொர்த்துக்கு இரண்டே காரியங்கள்தான் ஒழுங்காக வரும். கேட்ட நீலத்தைச் சாயத்தொட்டியில் கொண்டுவருவது ஒன்று, ஃப்ளூகல்ஹார்ன் என்கிற பித்தளைக் கொம்பு ஊதுவது இன்னொன்று. மற்றபடி வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு கம்பளி ஆலைகளில் பாதி ஆம்பளைகள் எப்படியோ அப்படித்தான் அவனும். வாயைத் திறந்தால் குறை, இல்லாவிட்டால் மௌனம். பேசுவதையெல்லாம் அவன் மனைவி எட்னா பார்த்துக்கொண்டாள். நெசவுக்கூடத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு. அவள் பாடினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

நார்மன் சின்னப் பையனாக ஆலையின் பித்தளை வாத்தியக் குழுவில் சேர்ந்தவன். அந்தக் குழுக்களுக்குள் வருஷா வருஷம் போட்டி உண்டு. நடுவர் நாலு பக்கமும் திரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். ஊதுகிற முகம் அவருக்குத் தெரியாது, அவருடைய பென்சில் உரசும் சத்தம்தான் வெளியே கேட்கும். ஒருத்தன் உதடு தடுமாறி ஒரு சுரம் பிசிறினால் போதும், குழுவின் ஒரு வருஷ உழைப்பு போச்சு. அந்த ஊர்க்காரனுக்குப் பிசிறு என்பது நடுத்தெருவில் கால்சட்டை அவிழ்ந்து விழுவதற்குச் சமம்.

எழுபத்தொன்றாம் வருஷம் அட்ரியன் என்று ஒரு பியானோக்காரன் வந்தான். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன், முடி தோளுக்குக் கீழே. பப்பில் நார்மன் ஊதியதைக் கேட்டுவிட்டு வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தான். ராக் தாளமும் ஜாஸும் கலந்து ஒரு முழு இசைத்தட்டு, அதற்குக் கிரேக்கப் புராணத்திலிருந்து ஒரே கதை. இதுதான் அவன் திட்டம். அடுப்படியில் உட்கார்ந்து, எட்னா வைத்த, பன்றிக்கறி அடைத்துச் சுட்ட அப்பத்தை விழுங்கியபடியே கதை சொன்னான்.

"ஆர்ஃபியஸ்னு ஒருத்தன். வாசிச்சான்னா மரமே பின்னாடி நடந்து வரும். பொண்டாட்டி பாம்பு கடிச்சுச் செத்துப்போறா. இவன் பாதாளத்துக்கே போய் வாசிச்சு அவள மீட்டுட்டு வர்றான். ஒரே நிபந்தனை. மேல வந்து சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கக்கூடாது."

"பாத்துட்டானா?" என்றாள் எட்னா.

"பாத்துட்டான்."

"பின்ன? ஒரு வேலைய சொன்னபடி முடிச்ச ஆம்பள எங்க இருக்கான்?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நார்மன் தாள்களைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுளித்தான். "தாளம் ஏழு ஏழா ஓடுதேடா. இதுக்கு ஆடறவனுக்கு எத்தனை காலு வேணும்?"

"யாரும் ஆட வேண்டாம் நார்மன். உக்காந்து கேட்டாப் போதும்."

"நல்ல வேளை. இல்லன்னா சுளுக்கிக்கும்."

ஆனாலும் சேர்ந்தான். சாயப்பட்டறை விட்டு வந்ததும், நீலம் போகாத விரல்களோடு தினமும் ஒத்திகை. ஆர்ஃபியஸின் குரல் அவனுடைய ஃப்ளூகல்ஹார்ன். செத்த மனைவியின் குரலுக்கு ஆள் கிடைக்காமல் அட்ரியன் அலைந்தான்.

அதற்குள் எட்னாவின் தொண்டை கட்ட ஆரம்பித்திருந்தது. ஆலையின் கம்பளித்தூசி என்று நினைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, புற்று, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். திங்கட்கிழமை கத்தி. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் லண்டனில் ஒலிப்பதிவு.

"நான் பாடறேன். வார்த்தையே இல்லையாமே, வெறும் ராகம்தானே," என்றாள் எட்னா.

"இந்தத் தொண்டையோடயா?"

"செத்தவ குரல் எப்பிடி இருக்கும், குயில் மாதிரியா? இது எங்கயாவது பத்திரமா இருக்கட்டும் நார்மன். திங்கக்கிழமைக்கு அப்புறம் எனக்கே கேக்க வேற ஏது?"

டேப்பில் ஒலிகளைத் தனித்தனியாகப் பதிய எட்டுத் தடங்கள். ஏழில் மற்ற வாத்தியங்கள் ஏற்கெனவே ஏறிவிட்டன. மிச்சமிருந்த ஒரே தடத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து பதிய வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் ஊத, எட்னாவின் குரல் கீழேயிருந்து கரகரத்து ஏறி வந்து அவனுடைய சுரத்தைத் தொட்டது. முடிந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டேப்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அட்ரியன் மூக்கை உறிஞ்சினான்.

போட்டுக் கேட்டார்கள். நடுவில், அவள் குரல் உச்சிக்குப் போகிற இடத்தில், ஃப்ளூகல்ஹார்ன் ஒரு சுரத்தில் லேசாகப் பிசிறியிருந்தது.

"இன்னொருக்கா எடுப்போம்," என்றான் நார்மன்.

"அது அழகா இருக்குய்யா, விடு," என்றான் அட்ரியன்.

"உனக்கு அழகா இருக்கும். காது இருக்கறவன் கேட்டான்னா?"

"இங்க நடுவரு யாரும் இல்ல நார்மன்."

டேப்காரர் ஒலிபெருக்கியில் பொறுமையாகச் சொன்னார். "திரும்ப எடுத்தா இப்ப எடுத்தது அழிஞ்சுடும். வேற தடம் கிடையாது. யோசிச்சுக்குங்க."

எல்லோரும் எட்னாவைப் பார்த்தார்கள். அவள் நார்மனைப் பார்த்தாள். அந்தப் பிசிறோடு அவனால் ஊர் திரும்ப முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"எடுங்க. இன்னொருக்கா பாடிட்டாப் போச்சு," என்றாள்.

விளக்கு எரிந்தது. இந்த முறை நார்மன் கண்ணாடி மாதிரி ஊதினான். எட்னாவின் குரல் பாதி ஏறியதும் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி நின்றாள். காற்றுதான் வந்தது. தேன், வெந்நீர், அரை மணி ஓய்வு, எதற்கும் குரல் அசையவில்லை. வெளியே அடுத்த குழு டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றுவிட்டது.

"நீ மட்டும் ஊதிடு," என்றாள் எட்னா. அதுகூடப் பாதிதான் கேட்டது.

அவன் தனியாக ஊதினான். ஒரு பிசிறு கிடையாது.

எட்னா பிழைத்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு பட்டுத்துணி. தறி ஓடும் சத்தத்தில் நெசவுக்காரிகள் உதட்டசைவிலேயே பேசிக்கொள்கிறவர்கள். அதனால் பழைய தோழிகள் வந்தால் அடுப்படியில் ஊர்வம்பு முன்போலவே நடக்கும், சிரித்துச் சிரித்து மேஜையைத் தட்டுவார்கள். சாயப்பட்டறைக்காரன் நார்மனுக்குத்தான் ஒன்றும் புரியாது. சொந்த வீட்டில் வெளியூர்க்காரன் மாதிரி வாசல் பக்கம் நிற்பான்.

வசந்தத்தில் இசைத்தட்டு வந்தது. அட்டையில் ஒரு ஆறு, ஒரு படகு. அவன் அதைப் பிரிக்காமல் அலமாரியின் மேல் போட்டான். எட்னா நாற்காலி போட்டு ஏறி எடுத்துச் சுழலவிட்டாள். அவளுடைய குரல் இருந்திருக்க வேண்டிய இடம் வந்ததும் அவள் தோள்கள் உயர்ந்தன. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தாள். உதடு அந்த ராகத்தை ஓர் இடம் விடாமல் பாடியது.

பாட்டு முடிந்ததும் அவனிடம் ஏதோ சொன்னாள். புரியவில்லை. இரண்டாம் முறையும் புரியவில்லை.

"எழுதிக் காட்டு எட்னா."

மாட்டேன் என்று தலையசைத்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தாள். அவளுடைய வாயிலிருந்து அவன் படித்த முதல் வாக்கியம் அது.

சுத்தமா ஊதியிருக்க.

"பிசிறோடவே விட்டிருக்கணும்," என்றான் நார்மன்.

இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தான். எட்னா பொய் சொல்லத் தெரியாதவள். முகத்திலிருந்து கையை எடுக்காமலே, ஆமாம் என்று தலையாட்டினாள்.