சுவர்க்கடிகாரத்தின் பேட்டரி

என் மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் பேட்டரி கிடக்கிறது. செத்துச் சில வருஷங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், ஒரு ஞாயிறன்று சுவர்க்கடிகாரத்திலிருந்து கழற்றிய பேட்டரி அது.

கட்கித் தொழிற்சாலையிலிருந்து அப்பா ஓய்வுபெற்றதும், அருகிலேயே நிக்டியில் வீடு பிடித்து அவரையும் அம்மாவையும் அழைத்துவந்தேன். அவருக்காக ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வாங்கினேன். மேளம் என்றால் நெஞ்சில் வந்து இடிக்க வேண்டும் அவருக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வங்கிப் படிவமோ, கரண்ட் பில்லோ, எது வந்தாலும் அப்பா, "படிச்சவன் வரட்டும்" என்பார். அந்தச் சொல்லைச் சாப்பிட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

ஆனால் கூடத்தின் நடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிபாதியில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மேளம் தகர டப்பாவாகக் கேட்டது. சமையலறை வாசலில் நின்ற அம்மாவோ, தன் மராத்தி கலந்த தமிழில், "இங்க ஏக்தம் பலமா இடிக்குதுடா" என்றாள். மூன்று ஞாயிறுகள் போராடினேன். ஸ்பீக்கர்களை நகர்த்தினேன், திரைச்சீலை மாட்டினேன், கைபேசியில் ஒரு செயலியை இறக்கி ஒலியின் கோடுகளை அப்பாவுக்குக் காட்டினேன். "படத்துல நல்லாத்தான்டா இருக்கு. காதுலதான் வரல" என்றார்.

நாலாவது ஞாயிறு தங்கையும் மாப்பிள்ளையும் பக்கத்து ஊர் தளேகாவிலிருந்து சாப்பிட வந்தார்கள். அவர் பத்தாவதோடு நின்று, ஃபிட்டர் வேலைக்குப் போனவர். மாப்பிள்ளை அல்லவா, நடு நாற்காலி அவருக்கு. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கேட்டவர், "மச்சான், ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது போல" என்றார். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயர்களைக் கழற்றி, நுனிகளில் கடிகாரத்துப் பேட்டரியைத் தொட்டார். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் வந்தது. மற்றதில் உள்ளே போனது. இரண்டு இழையும் ஒரே நிறமான ஒயரை வாங்கி, ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

சரியாக மாட்டியதும் மேளம் இடித்தது. அப்பா மார்பில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மிக்ஸி மக்கர் செய்தது. நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பாவோ, "மாப்பிள்ளை வரட்டும்" என்றார்.

அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஒயரை மறுபடி தலைகீழாக மாட்டினேன். அவர் செய்த வேலை ஒரு வாரம்கூட நிற்கவில்லை என்று ஆகட்டும், பிறகு நானே சரிசெய்து காட்டலாம் என்பது திட்டம். அப்பா வந்து உட்கார்ந்தார், கண்ணை மூடினார். "மாப்பிள்ளை கை பட்டதுல, பாத்தியா? என்னமா இடிக்குது" என்றார். கெடாததாக அவர் நம்பும் ஒன்றை நான் எப்படிச் சரிசெய்து காட்டுவது?

அடுத்த முறை மாப்பிள்ளை அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கிய சற்று நேரத்தில் அவர் பார்வை ஸ்பீக்கரிலிருந்து என்மேல் வந்து நின்றது. "எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்று அப்பா கேட்டார். "மச்சான் இன்னும் நல்லா செட் பண்ணிட்டார் மாமா. படிச்சவர்ல" என்றார் அவர். என் சொல்லை அவர் எடுத்து எனக்கே பரிமாறினார். காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர்கள் கிளம்பியதும் ஒயரைச் சரியாக மாட்டிவிட்டேன். அப்பாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மாப்பிள்ளை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று அவர் கடிகாரத்தில் திரும்பப் போட்ட பேட்டரி சில மாதங்களில் தீர்ந்தது. வேறு போட்ட நான், பழையதை வீசவில்லை. நேற்று கடிகாரம் மறுபடி நின்றுவிட்டது. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வரட்டும்" என்றார். ஒரு பேட்டரி மாற்றுவதற்கு. இழுப்பறையைத் திறந்தேன். செத்ததன் பக்கத்தில் உறை பிரிக்காத புதியது ஒன்று இருந்தது. எடுக்காமல் மூடினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். வரட்டும்.