நாற்பத்தொன்றில் நின்ற எண்

இது எனக்கு நடந்தது. பழவேற்காட்டில் கருவாட்டு மண்டிக்காரர் வீட்டில் பிறந்து, எதையும் பாதி விலைக்குக் கேட்டே வளர்ந்தவன் நான். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூடக் குறைத்துத் தர மாட்டேன். பேய் ராத்திரிதான் வரும் என்பவர்கள் இதோடு எழுந்து போகலாம். எனக்கு வந்தது பட்டப்பகலில்.

2006, மே 16, செவ்வாய். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்கும் கம்பெனி. பெயர் வேண்டாம். உலையைக் குளிரவைக்கும் தண்ணீரின் சூட்டைக் காட்டும் புரோகிராம் அவ்வப்போது உளறுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை எழுதியிருந்தது ஆர்வில் என்ற கணினி மொழியில். உலகத்திலேயே சில நூறு பேருக்குத்தான் அது தெரியும். அதற்கான கருவிகளை ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் செய்து, இலவசமாகக் கொடுத்து, ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போயிருந்தார்கள். எடிட்டர் திறக்கவில்லை. உதவிப் பக்கம் காலி. பிழை தேடும் டீபக்கர் ஒன்றுதான் ஓடியது. ஓசிச் சரக்கு. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மதியம் 2.20. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமோடு டீபக்கரை மாட்டினேன். தண்ணீர் 41 டிகிரி. கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உலை மேடையில் ஆறு பேர்.

"எழுபதத் தாண்டுனா சொல்லு நைனா, ஆளுங்கள எறக்கிடுறேன்" என்றார் ஃபோர்மேன் ஜெயராஜ். "இன்னிக்கு உன் கண்ணுதான் எங்களுக்கு மீட்டரு."

"கண்ணுக்குத் தனி ரேட்டுண்ணே."

சிரித்துக்கொண்டே போனார்.

2.44. பிழை பிடிபடவில்லை. ஆர்வில் ஆர்வலர்களின் இணைய அரட்டை அறைக்குள், பெயர் கொடுக்காமல் நுழைந்தேன். உள்ளே ஒரே ஒருவர். கோபால்.

நான் எதுவும் கேட்கவில்லை. அதற்குள் வந்தது, ஆங்கில எழுத்தில் நம்ம ஊர்த் தமிழ்.

"டீபக்கர மாட்டிக்கினு இருக்கியா ரஃபி?"

என் பெயர்...

"யாருங்க?"

"எண்ணு இன்னா காட்டுது?"

"41."

"எப்பலேர்ந்து?"

2.20-க்கு 41. இப்போது 2.46. அதே 41. ஒரு புள்ளிகூட அசையவில்லை.

டக்... டக்... டக்...

தண்ணீர்க் குழாயில் சத்தம்.

"அத மாட்டுனா எண்ணு நின்னுடும். சூடு நிக்காது. ஆள எறக்கு."

"பத்து நிமிஷம் குடுங்க, கழட்டிப் பாத்துட்டு..." பழக்கதோஷம், விரல் பேரம் பேசியது.

"எறக்கு."

"அஞ்சு?"

"எறக்கு."

ஓடினேன்.

"எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!"

"இன்னாபா, 41 தான..." என்றார் ஜெயராஜ்.

"பொய்ணே அது!"

நான்கு பேர்... ஐந்து...

ஆறாவது ஆளின் கால் தரையில் பட்டது.

டக்.

2.51.

குழாய் வெடித்துத் தண்ணீர் இரும்புக் குழம்பில் இறங்கியது.

புகை விலகியபோது மேடை இல்லை. ஆறு பேரும் இருந்தார்கள்.

நன்றி சொல்ல கோபாலைத் தேடினேன். அரட்டை அறையே திறக்கவில்லை. ஆர்வில் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். நான்காம் நாள், மிச்சமிருந்த ஒரே ஆர்வலர் பின்லாந்திலிருந்து பதில் போட்டார். அரட்டை அறையைப் போன வருஷமே மூடிவிட்டார்களாம். டீபக்கரைச் செய்தவர் கோபால். அதே கம்பெனியில் வேலை பார்த்தவர். 2001-இல், அதே மேடையில் இறந்துபோனார்.

கோபால் கடைசியாக அனுப்பிய பிழைக் குறிப்பையும் பின்லாந்துக்காரர் இணைத்திருந்தார். மாட்டினால் எண் நின்றுவிடுகிறது என்ற குறிப்பு. சரிசெய்ய அதன்பின் ஆள் இல்லை. பிழையை முதலில் கண்டவர் பெயரைக் குறிப்பின் அடியில் போடுவது ஆர்வலர்கள் வழக்கம். அவர்களுக்குக் கூலியே அதுதான்.

தேதி: 2001, மே 16. நேரம்: மதியம் 2.46.

கண்டவர்: ரஃபி, பழவேற்காடு.

2001-இல் நான் மண்டியில் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை.