வாத்தின் நாற்றம்

இறந்த பறவைகளைக் கெடாமல் பாடம் செய்து வைப்பவருக்கு மருந்து நெடியில் மூக்கு செத்துப் பல வருடமாகிறது. முடித்த பறவையை மனைவிதான் முகர்ந்து பார்த்து, நாறுகிறதா என்று சொல்வாள். அவள் பக்கவாதத்தில் பேச்சிழந்து உள்ளறையில் படுத்து மூன்று மாதம்.

பாடம் செய்யக் கொடுத்த வாத்தைத் திரும்ப வாங்க வந்தவர் நாறுகிறதென்று இரண்டு முறை விட்டுவிட்டுப் போனார். இரண்டு முறையும் இவர் தன்னையே திட்டிக்கொண்டு தையலைப் பிரித்து, இறக்கைக் கொழுப்பைச் சுரண்டி, சோப்பில் அலசி, வெண்காரம் தூவிக் காயவைத்துத் தைத்தார்.

இன்று வெளியூரிலிருந்து வந்த மகள் வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

“இந்தப் பாழாப்போன வாத்துதாம்மா, ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்துட்டேன்” என்று நீட்டினார்.

முகர்ந்தாள். சோப்பு வாசம்தான் வந்தது. வாத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். போர்வையை விலக்கி, அம்மாவை மெல்லப் புரட்டினாள். முதுகில் புண் அழுகி எலும்பு தெரிந்தது.

“வாத்தை ரெண்டு தடவை பிரிச்சுப் பாத்தீங்களேப்பா, அம்மாவை ஒரு தடவை புரட்டிப் பாத்தீங்களா?”